‘அச்சம் வேண்டாம்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: கால்நடை பராமரிப்புத் துறைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை ஆகியவற்றின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பறவைக் காய்ச்சலால் கேரளத்தின் குட்டநாட்டு வயல்களில் வாத்துகள் செத்து மிதந்தாலோ, ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டப் பண்ணைகளில் கோழிகள் கொத்தாக மடிந்தாலோ, அந்தச் செய்தி தொலைக்காட்சியில் வந்த வார ஞாயிற்றுக்கிழமையே திருப்பூரிலும் சேலத்திலும் மதுரையிலும் கோழிக்கறிக் கடைகளின் முன் வரிசை சுருங்கிவிடுகிறது. நோய் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே அச்சம் தாண்டிவிடுகிறது. பல்லடம் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தின்பேரில் கறிக்கோழி வளர்ப்பவன் என்ற முறையில், இப்படி விற்பனை விழுந்த பருவங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அரசுத் தரப்பிலிருந்து வந்த செய்தி ஏறக்குறைய ஒன்றேதான்: “தமிழ்நாட்டில் பாதிப்பு இல்லை, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.” அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது என்பதையும், அப்படியிருந்தும் அது யாரையும் கடைக்குத் திரும்ப அழைத்து வரவில்லை என்பதையும், அதற்கான காரணத்தைத் துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

2006 பிப்ரவரி 18 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள நவாபூரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. இந்தியாவில் அந்நோய் பண்ணைக் கோழிகளில் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. நவாபூருக்கும் பல்லடத்துக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. அங்கிருந்து ஒரு கோழியோ ஒரு முட்டையோ இங்கு விற்பனைக்கு வந்ததில்லை. ஆனாலும் அந்த மாதம் இங்கே கோழியும் முட்டையும் கேட்பாரற்றுக் கிடந்தன. ரயில்களில் கோழி உணவு நிறுத்தப்பட்டது என்ற செய்தியைப் படித்த ஒருவர், ரயில்வேயே நிறுத்திவிட்டது, நாமும் நிறுத்துவோம் என்று முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு 2008-இல் மேற்கு வங்கம், 2014-இலும் 2016-இலும் கேரளம், 2021 ஜனவரியில் ஒரே சமயத்தில் பல மாநிலங்கள், 2024-இல் மறுபடியும் ஆலப்புழை, 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்கள் என்று இது தொடர்ந்துகொண்டே இருக்கிறது. வலசை வரும் நீர்ப்பறவைகளும், அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துக் கூட்டங்களும் இருக்கும்வரை நாட்டின் ஏதோ ஒரு மூலையில் இது அவ்வப்போது தலைகாட்டவே செய்யும். ஆகவே இதை எதிர்பாராத விபத்தாக இனியும் கருத முடியாது.

கோழித் தொழிலில் விற்பனை குறைவது புதிதல்ல. புரட்டாசியில் குறையும், கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதும் குறையும். அவை நாட்காட்டியில் இருப்பவை. குஞ்சுப் பொரிப்பகங்கள் அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே குஞ்சுகளைக் குறைத்து விடுகின்றன. பண்ணையாளர்களும் அந்த இடைவெளியில் கொட்டகையைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். நோய்ச் செய்தியோ பெரும்பாலும் தையிலும் மாசியிலும் வருகிறது. மாலையைக் கழற்றிய மக்கள் மறுபடியும் கறி எடுக்கத் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்துக் கொட்டகைகள் அனைத்திலும் நிறையக் குஞ்சு விட்டிருக்கும் நேரம் அது. சரியாக அந்த நேரத்தில் கடையில் கத்தி நின்றுவிட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் உயிர்களை நிறுத்திவைக்க வழியே இல்லை.

அந்த நாட்களில் ஒரு கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஏனென்றால் நோய்க் காலத்து இழப்பென்று அரசுக் கோப்புகளில் பதிவாவது வேறு, எங்களுக்கு உண்மையில் நேர்வது வேறு. கறிக்கோழி 40 முதல் 45 நாட்களில் இரண்டு கிலோவைத் தாண்டிப் பிடிப்புக்குத் தயாராகிவிடும். ஒரு கோழிக்கு ஏறத்தாழ ஒரு சதுர அடி என்ற கணக்கில்தான் கொட்டகை கட்டப்பட்டிருக்கும். வழக்கமாக இரவில் வண்டி வரும், ஆட்கள் கோழி பிடித்துக் கூண்டில் அடைப்பார்கள், விடிவதற்குள் அது கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விற்பனை படுத்துவிட்டால் வண்டி வராது. “இன்னும் நாலு நாள் பொறுங்க” என்று நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொல்வார். நாலு நாள் பத்து நாளாகும். அதற்குள் ஒவ்வொரு கோழியும் நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் தீவனம் தின்று, மூன்று கிலோவை நெருங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. மாசிக் கடைசியில் வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். நெருக்கடியில் மூச்சிரைத்து, மாலை மூன்று மணி வாக்கில் ஒவ்வொன்றாக மல்லாந்து விழும் கோழிகளைப் பொறுக்கிக் குழியில் போடும் வேலை, பறவைக் காய்ச்சல் ஒரு துளியும் இல்லாத எங்கள் கொட்டகைகளில் நடக்கிறது.

சந்தை விலையின் ஏற்ற இறக்கம் நிறுவனத்தைச் சார்ந்தது, வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி உறுதி என்பதுதான் ஒப்பந்த முறையின் அடிப்படை. ஆகவே விலை விழுந்தால் வளர்ப்பவருக்கு நட்டமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கூலி எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு எடை, எத்தனை இறப்பு என்ற கணக்கோடு பிணைக்கப்பட்டது. பிடிப்பு தள்ளிப்போனால் தீவனக் கணக்கு கெடுகிறது, இறப்பு கூடுகிறது, கூலி குறைகிறது. அதைவிடப் பெரிய அடி அடுத்து வரும். நிறுவனம் அடுத்த பேட்சுக்குக் குஞ்சு இறக்காது. கொட்டகை ஒரு மாதமோ இரண்டு மாதமோ காலியாகக் கிடக்கும். கொட்டகை கட்ட வாங்கிய வங்கிக் கடனின் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வரும். இப்படிக் காலியாகக் கிடந்த நாட்களுக்கு எந்தத் திட்டத்திலும் இழப்பீடு கிடையாது. நோய் உறுதியான இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அரசு அழிக்கும் பறவைகள், முட்டை, தீவனம் ஆகியவற்றுக்கு மட்டுமே மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீடு தருகின்றன. அது தேவையான ஏற்பாடு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் அழிந்ததைவிட, அதற்கு வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வாங்க ஆளில்லாமல் வீணானது மிகப் பெரிது.

நுகர்வோரும் இதற்கு விலை கொடுக்கிறார்கள், ஆனால் தாமதமாக. அடைகாப்பில் முட்டை பொரிய 21 நாள், குஞ்சு வளர 40 நாள். இன்று விலை விழுந்ததைப் பார்த்துப் பொரிப்பகங்கள் முட்டையைக் குறைத்தால் அதன் விளைவு இரண்டு மாதம் கழித்துத்தான் கடைக்கு வரும். அதற்குள் மக்களின் அச்சம் தணிந்து எல்லோரும் ஒன்றாகக் கறி வாங்கத் திரும்பியிருப்பார்கள், கோழிதான் இருக்காது. 2020 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற பொய்ச் செய்தி பரவி, பண்ணை விலை உற்பத்திச் செலவில் சிறு பங்குக்கு இறங்கியது. கர்நாடகத்தில் உயிருள்ள கோழிகளைக் குழி தோண்டிப் புதைத்த காட்சிகளை நாடே பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் கறி விலை கிடுகிடுவென ஏறியது. ஊரடங்கில் வருமானம் இழந்திருந்த குடும்பங்கள் அந்த விலையைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நோய்ச் செய்தி வந்த நாட்களில் ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் மாறியவர்களும் அங்கே விலையேற்றத்தைத்தான் சந்தித்தார்கள். மலிவாகப் புரதம் கிடைக்கும் ஒரே கறி கோழிதான் என்றிருக்கும் வீடுகளுக்கு மாற்று என்று ஒன்றும் இருக்கவில்லை.

இப்படியெல்லாம் நடக்கும்போது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலர் வாங்க வராத மக்களையே குறை கூறுகிறார்கள். வதந்தியை நம்புகிறார்கள், அறிவியல் தெரியாதவர்கள் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தாய் கடை வாசலில் நின்று, “எந்த ஊர்க் கோழிங்க இது?” என்று கேட்கிறார். “நம்ம பக்கத்துப் பண்ணைக் கோழிதானுங்க அக்கா, பயப்படாதீங்க” என்கிறார் கடைக்காரர். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குச் சமைக்கப்போகும் அந்தத் தாய் இரண்டை எடை போடுகிறார்: இந்த வாரம் கோழி வாங்காவிட்டால் தனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, வாங்கி ஏதாவது ஆகிவிட்டால் அதைத் திருத்த முடியாது. இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அவரிடம் உள்ள தகவல் அவ்வளவுதான். அந்தத் தகவலுக்கு அவருடைய முடிவு சரியானதே. முடிவு மாற வேண்டுமென்றால் தகவல் மாற வேண்டும். அதை மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் மட்டுமே.

அவருக்குத் தெரிய வேண்டியவை குறைவானவை, தெளிவானவை. எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்படி வேகவைத்தால் இந்த வைரஸ் செயலிழந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பலகாலமாகச் சொல்லிவருகிறது; நம் வீட்டுக் குழம்பு கொதிக்கும் வெப்பம் அதற்கு மேல். ஆபத்து, நோயுற்ற பறவையை உயிருடனோ செத்த பிறகோ கையாளுவதிலும், பச்சைக் கறியைத் தொட்ட கையையும் கத்தியையும் பலகையையும் கழுவாமல் வேறு உணவில் வைப்பதிலும், அரைவேக்காட்டிலும் இருக்கிறது. இந்தியாவில் எச்5என்1 தொற்றால் மனித உயிர்களும் போயிருக்கின்றன. 2021-இல் டெல்லியில் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தில் ஒரு பெண் குழந்தையும் இறந்தார்கள். அந்தக் குழந்தை பச்சைக் கறித்துண்டு ஒன்றைத் தின்றதாகச் செய்திகள் கூறின. இந்தச் செய்தியைக் குறிப்பிட வேண்டாம், வியாபாரம் இன்னும் படுத்துவிடும் என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. குழந்தைகள் கைக்கு எட்டும்படி பச்சைக் கறியை வைக்காதீர்கள் என்ற ஒரு வரியைத் துறையே முதலில் சொல்லியிருந்தால், சமைத்த கறி பாதுகாப்பானது என்ற அடுத்த வரியும் நம்பப்பட்டிருக்கும்.

டெல்லியில் 2021 ஜனவரியில் நடந்தது அரசின் கையே நுகர்வோரைக் குழப்பியதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜனவரி 9 அன்று காசிப்பூர் கோழிச் சந்தை மூடப்பட்டது. 13-ஆம் தேதி மாநகராட்சிகள் கடைகளிலும் உணவகங்களிலும் கோழிக்கறி விற்கவும் பரிமாறவும் தடை விதித்தன. சந்தையில் எடுத்த மாதிரிகளில் நோய் இல்லை என்று முடிவு வந்ததும், தடை விதித்த மறுநாளே தடைகள் விலக்கப்பட்டன. சந்தையை மூடி மாதிரி எடுத்தது சரி. முடிவு வரும்முன் சமைத்த உணவையும் சேர்த்துத் தடை செய்தது எதற்கு என்பதை யாரும் விளக்கவில்லை. திறந்தபோதும் எத்தனை மாதிரி, எங்கிருந்து, என்ன முடிவு என்பது கடை வாசலில் நிற்பவரைச் சென்றடையவில்லை. தடை ஒரு நாளில் போய்விட்டது. தடை விதிக்கும் அளவுக்கு ஏதோ இருந்திருக்கிறது என்ற எண்ணம் அவ்வளவு விரைவில் போகவில்லை.

இனி மேடைகளில் கோழிக்கறி தின்று காட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி இறுதியில் ஐதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழி வறுவல் தின்றார்கள். 2025-இலும் தெலுங்கு மாநிலங்களில் கோழிக்கறியை இலவசமாகப் பரிமாறும் விழாக்கள் நடந்தன, கூட்டமும் அலைமோதியது. அதில் கலந்துகொண்டவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் இந்த வழியை மேற்கொண்ட ஒரு நாடு அதற்குக் கொடுத்த விலையை நாம் மறக்கக் கூடாது.

பிரிட்டனில் மாடுகளின் மூளையைத் தாக்கும் பி.எஸ்.இ. நோய் 1986-இல் கண்டறியப்பட்டது. மக்கள் மாட்டிறைச்சியைத் தவிர்க்கத் தொடங்கியபோது, 1990 மே மாதம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தன் நான்கு வயது மகளுக்குத் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் மாட்டிறைச்சி பர்கரை ஊட்ட முயன்றார். பிரிட்டிஷ் மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று ஆறு ஆண்டுகள் ஓயாமல் சொல்லப்பட்டது. 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரெல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளவயதினரைத் தாக்கிவரும் ஒரு புதுவகை மூளை நோய்க்கு பி.எஸ்.இ.யோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சியின் ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது. பெரும் உணவகத் தொடர்கள் அதை வாங்குவதை நிறுத்தின. கடைகளில் விற்பனை சரிந்தது. முப்பது மாதத்துக்கு மேற்பட்ட மாடுகள் உணவுச் சங்கிலியிலிருந்தே விலக்கப்பட்டு இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன. அந்நோயால் பிரிட்டனில் பின்னர் இறந்தவர்கள் 170-க்கும் மேற்பட்டோர். இவை அனைத்தையும் விசாரித்த பிலிப்ஸ் பிரபுவின் அறிக்கை 2000 அக்டோபரில் வெளியானது. அரசு மக்களிடம் பொய் சொல்லவில்லை என்றே அது கூறியது. ஆனால் மக்கள் அளவுக்கு மீறிப் பதறிவிடக் கூடாதே என்ற கவலையிலேயே அரசு மூழ்கியிருந்தது, ஆறுதல் சொல்வதையே நோக்கமாகக் கொண்ட அந்த அணுகுமுறை தவறு, உண்மை வெளிப்பட்டபோது மக்கள் தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாக உணர்ந்தார்கள் என்று அது பதிவுசெய்தது. பறவைக் காய்ச்சலும் பி.எஸ்.இ.யும் ஒன்றல்ல, பி.எஸ்.இ.யைச் சமையல் வெப்பம் அழிக்காது, பறவைக் காய்ச்சல் வைரஸை அழிக்கும். அந்த வேறுபாடு எங்களுக்குச் சாதகமானது. நமக்குச் சாதகமான உண்மையைச் சொல்லவும், பிரிட்டன் இழந்தது போன்ற நம்பிக்கை தேவைப்படுகிறது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

ஜப்பான் இதற்கு மாறாகச் சென்றது. 2001 செப்டம்பரில் அங்கே முதல் பி.எஸ்.இ. மாடு கண்டறியப்பட்டு விற்பனை விழுந்ததும், அக்டோபர் 18 முதல் உணவுக்காக வெட்டப்படும் ஒவ்வொரு மாட்டையும் பரிசோதிப்பது என்று முடிவெடுத்தார்கள். இளங்கன்றுகளில் அச்சோதனையால் அறிவியல் பயன் அதிகமில்லை என்ற விமரிசனம் இருந்தது; அது நியாயமானதும்கூட. ஆனால் அதைவிட நீண்டகாலம் பயன்படக்கூடிய ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, 2004 டிசம்பர் முதல் கடையில் விற்கும் கறிப் பொட்டலத்திலும் அந்த எண் இருக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். வாங்குபவர் அந்த எண்ணைக் கொண்டு மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் பார்க்க மாட்டார்கள். பார்க்க முடியும் என்பதே அவர்களுக்குப் போதும்.

நம் மாநிலத்தில் செய்யப்படும் பணிகளை நான் அறிவேன். கேரளத்தில் நோய் என்றதும் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், ஆனைகட்டி, புளியரை, களியக்காவிளைச் சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறைப் பணியாளர்கள் இரவும் பகலும் நின்று வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிறார்கள். பண்ணைகளில் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. இவ்வளவு உழைப்பும் மறுநாள் செய்தித்தாளில் மருந்து தெளிக்கும் ஒரு புகைப்படமாகவும் ‘அச்சப்படத் தேவையில்லை’ என்ற ஒரு வரியாகவும் சுருங்கிவிடுகிறது. எத்தனை மாதிரி எடுக்கப்பட்டது, எந்தெந்த மாவட்டத்தில், எத்தனைக்கு முடிவு வந்தது, எத்தனைக்கு வரவில்லை என்பது வெளியே வருவதில்லை. உறுதிப்படுத்தும் சோதனைக்கு மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போய் வர வேண்டும். அந்த இடைப்பட்ட நாட்களில்தான் கைப்பேசிகளில் பொய்கள் வளர்கின்றன. 2025-இல் ஆந்திரத்தில் கோழிகள் பெருமளவில் சாகத் தொடங்கியதற்கும் நோய் உறுதியானதற்கும் இடையில் நடந்தது அதுதான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இது. அண்டை மாநிலங்களில் நோய் உறுதியான அன்றிலிருந்து அது முற்றிலும் ஓய்ந்ததாக அறிவிக்கப்படும் நாள்வரை, தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், எளிய தமிழில், ஒரே வடிவில் ஓர் அறிக்கை வெளியிடுங்கள். நோய் எந்த ஊரில், அது நம் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில், எந்த வகைப் பறவையில், நம் மாநிலத்தில் எத்தனை மாதிரி எடுக்கப்பட்டு எத்தனைக்கு முடிவு வந்தது என்பவை அதில் இருக்கட்டும். முடிவு வராதவற்றை முடிவு வரவில்லை என்றே சொல்லுங்கள். நாளை நம் மாநிலத்திலேயே ஒரு பண்ணையில் நோய் உறுதியானால் அதையும் அதே நேரத்தில், அதே வடிவில் சொல்லுங்கள். அன்று எங்கள் விற்பனை விழும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். கெட்ட செய்தியையும் மறைக்காத அறிக்கை என்று மக்கள் உணர்ந்துவிட்டால், நல்ல செய்தியை அதில் படிக்கும்போது நம்புவார்கள். கால்நடைத் துறை ஒன்று சொல்ல, உணவுப் பாதுகாப்புத் துறை வேறு சொல்ல, உள்ளாட்சி அமைப்பு தன்னிச்சையாகக் கடையை மூட என்ற நிலை டெல்லியில் நேர்ந்தது போல் இங்கு நேராதிருக்க, இரு துறைகளும் ஒரே அறிக்கையில் கையொப்பமிட வேண்டும்.

அடுத்தது கடை. பண்ணையிலிருந்து வண்டி கிளம்பும்போது எந்தப் பண்ணை, எந்த வட்டம், எத்தனை கோழி என்ற சீட்டு ஏற்கெனவே ஓட்டுநர் கையில் இருக்கிறது. நிறுவனத்தின் கணக்குக்கு அது தேவை. அந்தச் சீட்டின் நகல் ஒன்று கடையில் அன்றைய கோழிக் கூண்டுக்கு மேல் தொங்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை விதி செய்தால், ஜப்பானைப் போல் பெரும் செலவில்லாமலே “எந்த ஊர்க் கோழி?” என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைத்துவிடும். அதோடு, வெட்டும் பலகை, கழிவுத் தொட்டி, கை கழுவும் தண்ணீர் ஆகியவற்றை நோய்க் காலத்தில் மட்டும் எட்டிப் பார்த்து அபராதம் போடாமல், ஆண்டு முழுவதும் பார்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். உயிருள்ள கோழிகளை அடைத்துவைத்து அதே இடத்தில் வெட்டும் முறையில் உண்மையான ஆபத்து வெட்டுபவருக்குத்தான். அந்தத் தொழிலாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் காய்ச்சல் பரிசோதனையும் தருவது அவர்களுக்கான கடமை. வாங்க வருபவரும் அதைக் கண்ணால் பார்ப்பார்.

முட்டையைப் பற்றி ஒன்று. சத்துணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் முட்டை வழங்கும் அரசு, முட்டை வாங்குவோரில் மிகப் பெரியது. நோய்ச் செய்தி வரும் வாரங்களில், வாங்கும் பண்ணைகளின் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டுக்கொண்டே, முழுமையாக அவித்த முட்டையைத் தவறாமல் வழங்கிவாருங்கள். அமைச்சர் ஒருவர் மேடையில் ஒரு துண்டு கறி தின்பதைவிட, அரசு தன் பிள்ளைகளுக்கு எதைச் சோதித்து, எதை வாங்கி, எப்படிச் சமைத்துக் கொடுக்கிறது என்ற விவரம் பெற்றோருக்கு அதிகம் சொல்லும். நாமக்கல்லில் அந்த வாரங்களில் அறிவித்த விலைக்கும் கீழே ‘மைனஸ்’ போட்டு முட்டை கேட்கும் வியாபாரிகளிடம் பண்ணையாளர் கையேந்தி நிற்பதும் அதனால் சற்றுக் குறையும்.

எங்களுக்கான கோரிக்கையைக் கடைசியில் வைக்கிறேன். விற்பனை விழுந்ததால் குஞ்சு இறக்கப்படாமல் காலியாகக் கிடக்கும் கொட்டகைகளுக்கு, அந்த மாதங்களின் கடன் தவணையை வட்டியின்றித் தள்ளிவைக்க மாநில அளவிலான வங்கியாளர் குழுவிடம் அரசு பேச வேண்டும். நிறுவனம் பிடிப்பைத் தாமதித்த நாட்களின் தீவனத்தையும் இறப்பையும் வளர்ப்பவரின் கணக்கில் ஏற்றக் கூடாது என்பதை ஒப்பந்தங்களில் கட்டாயமாக்க வேண்டும். பதிலுக்கு எங்களுக்கும் ஒரு கடமை உண்டு, அதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். கொட்டகையில் இறப்பு கூடினால் நாங்கள் முதலில் தொலைபேசியில் அழைப்பது நிறுவனத்தை. அரசுக் கால்நடை மருத்துவரை அல்ல. தகவல் சொன்னால் சுற்றுவட்டாரமே முடங்கும், இழப்பீடு எப்போது வரும் என்று தெரியாது என்ற பயத்தில் அக்கம்பக்கத்தார் சிலர் செத்த கோழிகளை இரவோடு இரவாகப் புதைப்பதும், இன்னும் மோசமாக, வாய்க்காலில் வீசுவதும் நடக்கிறது. 2009-ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். ஆனால் இழப்பீடு இத்தனை நாளுக்குள் கைக்கு வரும் என்ற உறுதி இருந்தால்தான் அந்தச் சட்டம் கொட்டகைவரை வந்து சேரும். அந்த உறுதியை நீங்கள் தாருங்கள். முதல் நாளே தகவல் தருவதை எங்கள் ஊர்ப் பண்ணையாளர்களிடம் கட்டுப்பாடாகவே கொண்டுவர நானும் என்னைப் போன்றவர்களும் முன்னிற்போம்.

வலசைப் பறவைகள் ஐப்பசியில் வரத் தொடங்கும். அதற்கு முன், தினசரி அறிக்கையின் மாதிரிப் படிவத்தையும், அதை வெளியிடும் பொறுப்பு எந்த அலுவலரிடம் இருக்கும் என்பதையும் இரு துறைகளும் கூட்டாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிவம் தயாரிக்கும்போது பண்ணையாளர், கறிக்கடைக்காரர், இல்லத்தரசி என்று ஒவ்வொரு தரப்பிலிருந்தும் சிலரை அழைத்து, அவர்களுக்குப் புரிகிறதா என்று படித்துக் காட்டிய பிறகு இறுதி செய்யுங்கள். அழைத்தால் வருவதற்கு எங்கள் வட்டாரத்தில் பலர் அணியமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
கறிக்கோழி வளர்ப்போர் ஒருவர்,
பல்லடம் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.